சின்னத்தாயின் பூர்வீகம்

ராஜா அண்ணாமலைபுரத்தில் மனுஷன் குடியேறுவதே லேசுப்பட்ட காரியம் இல்லை. பூனை குடியேறுவது என்றால் கேட்கவே வேண்டாம். இந்த விஷயம் கணேசமூர்த்திக்குத் தன் ஐம்பத்திரண்டாவது வயதில்தான் தெரிய வந்தது. முப்பது வருஷம் தி.நகர் ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை விரித்துப்போட்ட மனுஷன். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் என்ன சொன்னாலும் ‘ஆமாங்கம்மா’ என்று தலையாட்டிப் பழகிய தலை.

நாலு வருஷத்துக்கு முன் அந்த அடுக்ககத்துக்கு வாடகைக்கு வந்தபோதே, சங்கத்துச் செயலாளர் வெங்கடேஷ் ஒரு படிவத்தை நீட்டினார். சொந்த ஊர் எது, பூர்வீகம் எது (இரண்டும் வேறாம்), வீட்டில் என்ன சமையல், மீன் என்றால் வாரத்தில் எத்தனை நாள், அதுவும் ஜன்னலைத் திறந்துவைத்தா மூடியா. கணேசமூர்த்தி எல்லாவற்றுக்கும் பதில் எழுதினார். “தப்பா எடுத்துக்காதீங்க சார், எனக்கு இதெல்லாம் கிடையாது, மத்தவங்களுக்காகத்தான்” என்றார் வெங்கடேஷ். அந்த மத்தவர்கள் யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

அப்புறம் மகள் தாரணி கல்யாணமாகி சிங்கப்பூர் போனாள். அவள் போனதோடு வீட்டில் பேச்சும் போய்விட்டது. மனைவி இசக்கியம்மாள் ஒரு நாளைக்கு இரண்டே வார்த்தைதான் பேசுவாள். காலையில் ‘சாப்பிடுங்க’, ராத்திரி ‘சாப்பிடுங்க’. நல்ல மனுஷி, நாங்குநேரிக்காரி, ஒரு காலத்தில் தெருவே கேட்கிற மாதிரிப் பேசியவள். கணேசமூர்த்தி கடை சாத்திய பிறகும் வீட்டுக்குக் கிளம்பாமல் உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார்.

கடை மாடியில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிற அன்வர் பாஷா அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் அட்டைப்பெட்டி ஒன்றைக் கொடுத்தார். உள்ளே க்ரீம் நிறத்தில் ஒரு உருண்டை முடி. முடிக்கு நடுவில் இரண்டு கண். “எங்க ராணி போட்ட குட்டி அண்ணாச்சி. அம்மா பாரசீகம், அப்பா ராயப்பேட்டை. வச்சுக்குங்க” என்றார்.

இசக்கியம்மாள் அதற்குச் சின்னத்தாய் என்று பெயர் வைத்தாள். வைத்த நாளிலிருந்து திட்டினாள். சோபாவில் முடி, சாம்பாரில் முடி, கணேசமூர்த்தியின் கறுப்பு பேண்ட்டில் முடி. “ஏட்டி, நீ பூனையா பஞ்சு மெத்தையா?” என்று காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் ஓயாது. மகள் போன் பண்ணினால்கூட அரைமணி நேரம் பூனைக் கதைதான். வீட்டுக்குப் பேச்சு திரும்பி வந்தது. கணேசமூர்த்தி பேண்ட்டில் ஒட்டிய முடியைத் தட்டாமலே கடைக்குப் போனார். அவ்வளவு சந்தோஷம்.

மூன்று வருஷம் இப்படிப் போனது. அப்போதுதான் லிஃப்டுக்குப் பக்கத்தில் அந்த அறிவிப்பு ஒட்டப்பட்டது. ‘வளாகத்தின் தரத்தைப் பேணும் பொருட்டு, வம்சாவளிச் சான்று பெற்ற உயர்ரகப் பூனைகள் மட்டுமே இனி அனுமதிக்கப்படும். ஏனையவை அறுபது நாட்களுக்குள் வெளியேற்றப்படும்.’

“நம்ம பூனை பாரசீகம்தான் சார்” என்றார் கணேசமூர்த்தி.

“பாத்தாலே தெரியுது சார். ஆனா பாக்கறது ப்ரூஃப் ஆகாதே” என்றார் வெங்கடேஷ். “எனக்கு இதெல்லாம் கிடையாது, மத்தவங்களுக்காகத்தான்.”

இசக்கியம்மாள் அன்று சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “நீங்க காலைல போனா பொழுதடைஞ்சுதான் வாரிய. அவளும் போயிட்டா நான் யாருகிட்ட பேசுவேன், சுவத்துகிட்டயா?” என்று மட்டும் கேட்டாள். கணேசமூர்த்தி மறுநாள் கடைக்கு லீவு சொன்னார்.

சான்று கொடுக்கிற இடம் மயிலாப்பூரில் இருந்தது. தென்சென்னை நீள்முடிப் பூனை வம்சப் பாதுகாப்புப் பேரவை. மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சொந்தக் கட்டடம். வாசலில் ஏகாம்பரம் என்று ஒரு ஊழியர், இருபது வருஷமாக அதே ஸ்டூல்.

“பூனைக்கு சர்ட்டிபிகேட்டா? குந்து சார். ஆனா முன்வாசல்ல பூனைய கொண்டாராத. சான்று வாங்கின பூனைதான் முன்வாசல். மத்ததெல்லாம் பின்னால சைக்கிள் ஸ்டாண்டு வழியா.”

“சான்று வாங்கத்தானே வந்திருக்கோம்?”

“அத்த வாங்கிட்டு முன்வாசல்ல வா. யாரு வேணான்னாங்க?”

பேரவைத் தலைவர் வேதாந்தம் ஏதோ ஒரு துறையில் இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது துறைக்குத் தெரியும், அவருக்குத்தான் தெரியவில்லை. மேஜைக்குப் பின்னால் ஒரு இரும்பு பீரோ. அதன் மேல் மெத்தை போட்டு அவருடைய பூனை படுத்திருந்தது. பெயர் குராசான் குலோத்துங்கன். தட்டையான முகம், தொங்குகிற கன்னம், உலகத்தின் மேல் தீராத சலிப்பு. பூனைக்கும் தலைவருக்கும் ஜாடை இருந்ததைக் கணேசமூர்த்தி கவனித்தார். சொல்லவில்லை.

“இந்த பீரோவுலதான் தென்சென்னையோட மொத்தப் பூனை வம்சமும் இருக்கு” என்று வேதாந்தம் பீரோவைத் தட்டினார். உள்ளே ஏதோ ஓடுகிற சத்தம் கேட்டது. “இருபத்திரண்டு வருஷப் பதிவேடு. எங்கள் பரிசோதனை மூணு கட்டம். தோற்றம், பூர்வீகம், குணம். மூணும் அமைஞ்சாத்தான் பாரசீகம். இல்லேன்னா வெறும் முடி.”

தோற்றக் குழுவுக்கு விசாலாக்ஷி மாமி பொறுப்பு. வீட்டில் பாட்டு சொல்லிக்கொடுப்பவர். கையில் தம்புராவுக்குப் பதில் ஸ்கேல். சின்னத்தாயை மேஜைமேல் வைத்து முகத்தை அளந்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“மூக்கு இருக்கே.”

“இருக்குங்கம்மா” என்றார் கணேசமூர்த்தி. பெருமையாகத்தான் சொன்னார்.

“இருக்கப்படாதே. அசல்னா முகம் தட்டு மாதிரி இருக்கணும். மூக்கு ரெண்டு கண்ணுக்கும் நடுவுல உள்ள போயிடணும்.”

“அப்ப மூச்சு எப்படிம்மா விடும்?”

“கஷ்டப்பட்டுத்தான் விடும். எங்காத்துப் பூனை தூங்கறச்சே குறட்டை விட்டுண்டு, முழிச்சிண்டிருக்கறச்சே கண்ணுல ஜலம் விட்டுண்டு இருக்கும். டாக்டர்ட்ட மாசம் ரெண்டு தடவை அழைச்சிண்டு போறோம். அதுதான் லட்சணம்.”

கணேசமூர்த்திக்கு வியாபாரம் கைநழுவுகிற வாடை அடித்தது. முப்பது வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? சின்னத்தாயை அலாக்காகத் தூக்கி, வாலைத் தன் முழங்கைமேல் போட்டு நீவிவிட்டார். “உடம்பைப் பாருங்கம்மா, க்ரீம். ஓரத்துல லேசாப் பொன் இழை. வெளிச்சத்துல ஒரு கலர், நிழல்ல ஒரு கலர். முந்தானையைத் தனியாப் பாருங்க, எவ்வளவு நிறைவு! கல்யாணத்துக்கும் ஆகும், வீட்டுக்கும் ஆகும். எத்தனை தடவை துவைச்சாலும் சாயம் போகாது, நான் கியாரண்டி.”

மாமியின் பேனா நின்றது. “சாயமா?”

அவ்வளவுதான். உட்குழு கூடியது. ஈரத்துணியால் தேய்த்தார்கள், ஷாம்பூ போட்டார்கள், நிழலில் உலர்த்தினார்கள், மறுபடி வெயிலில் வைத்தார்கள். மூன்று பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். சின்னத்தாய் நனைந்த துடைப்பம் போல நின்றுகொண்டு எல்லாரையும் பார்த்தாள். ஒரு வாரம் கழித்து அறிக்கை வந்தது: ‘சாயம் போகவில்லை. எனினும் போகாது என்பதை உரிமையாளர் முன்கூட்டியே அறிந்திருந்தது ஐயத்துக்குரியது. நிபந்தனையுடன் தேர்ச்சி.’

இரண்டாம் கட்டம் பூர்வீகம். ஐந்து தலைமுறைக்குப் பெயர் வேண்டும். சாட்சி சொல்ல அன்வர் பாஷா கடைக்கு அரைநாள் லீவு போட்டு, சலவைச் சட்டையோடு வந்தார். அவருக்கு முதலில் வேதாந்தத்தின் சொற்பொழிவு கிடைத்தது. குராசான் மலையிலிருந்து வணிகர்களின் ஒட்டகத்தில் ஏறி, பாலைவனம் தாண்டி, கடல் தாண்டி, அரண்மனை அரண்மனையாகத் தங்கி வந்த குலம் அது என்று நாற்பது நிமிஷம் பேசினார்.

“இப்ப ரத்தம் எடுத்துப் பாத்ததுல, இதுக்கும் பாரசீகத்துக்கும் பெருசா சம்பந்தமில்ல, ஐரோப்பாப் பூனைக்குத்தான் சொந்தம்னு வந்துச்சாமே சார்? என் பொண்ணு போன்ல காமிச்சா” என்றார் அன்வர் பாஷா, வெகு பணிவாக.

வேதாந்தம் புன்னகைத்தார். “அது விஞ்ஞானம். இது வம்சம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கப்படாது. ரத்தத்துல என்ன இருக்குங்கறது முக்கியமில்லை, பாய். பதிவேட்டுல என்ன இருக்குங்கறதுதான் முக்கியம்.”

விசாலாக்ஷி மாமி படிவத்தை எடுத்தார். “அம்மா பேர் ராணி. சரி. அப்பா யாரு? எந்தத் தெரு? நல்ல இடந்தானா?”

“மதில் மேல வந்தாரும்மா. பேரு கேக்கறதுக்குள்ள போயிட்டாரு” என்றார் அன்வர் பாஷா.

‘தந்தை: மதில் மேல் வந்தவர்’ என்று எழுத முடியாது என்று மாமி சொல்லிவிட்டார். விதி எண் பதினேழின்படி பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தாக வேண்டும். கொடுத்தார்கள். ‘சின்னத்தாய் என்னும் பூனையின் தந்தை என உரிமை கோருவோர், புகைப்படத்துடன் பதினைந்து நாட்களுக்குள் பேரவையை அணுகவும்.’

ஊரில் வேலையில்லாதவர்களுக்குப் பஞ்சமா? பதினோரு கடிதம் வந்தது. நங்கநல்லூரிலிருந்து ஒருவர் தன் பூனை ராயப்பேட்டைப் பக்கமே போனதில்லை என்று மறுப்பு அனுப்பியிருந்தார். அதை யாரும் குற்றம் சாட்டவே இல்லை. புகைப்படங்களை மேஜையில் பரப்பி, காப்பி குடித்துக்கொண்டே பார்த்தார்கள்.

“இந்த மந்தவெளிப் பையன் நன்னா இருக்கான். அடக்கமா இருக்கான். குடும்பமும் தெரிஞ்ச குடும்பம்” என்றார் மாமி.

கணேசமூர்த்தி எட்டிப் பார்த்தார். “அம்மா, அதுக்கு வயசு ரெண்டுன்னு போட்டிருக்கு. சின்னத்தாய்க்கே மூணு ஆச்சே.”

“இதையெல்லாம் பெருசு பண்ணாதீங்கோ” என்றார் வேதாந்தம். “ஃபைலுக்கு வயசு கிடையாது.”

ஓட்டெடுப்பில் நாலுக்கு மூன்று என்று மந்தவெளி அப்பாவானது. அன்வர் பாஷா வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “நல்லவேளை அண்ணாச்சி, ராணி மௌத்தாயிட்டா. இருந்திருந்தா இவனைக் கட்ட சம்மதிச்சிருக்க மாட்டா.”

கணேசமூர்த்தி சிரிக்கவில்லை. தன்னுடைய பழைய படிவம் ஞாபகத்துக்கு வந்தது. சொந்த ஊர், பூர்வீகம், ஜன்னலைத் திறந்தா மூடியா. அன்றைக்கு எவ்வளவு கவனமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பினோம் என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனால் அறுபதில் ஐம்பத்தாறு நாள் போய்விட்டது. வீட்டில் இசக்கியம்மாள் பூனையைத் திட்டுவதை நிறுத்தியிருந்தாள். மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். எரிச்சலை விழுங்கிக்கொண்டார்.

மூன்றாம் கட்டம், குணம். பேரவையின் ஆண்டுவிழா அன்று, முழு சபைக்கு முன்னால் நடக்கும். வேட்டி, பட்டு, பன்னீர், நாதஸ்வர ரிக்கார்டு எல்லாம் இருந்தன. மேடையில் மாலை போட்ட அந்த இரும்பு பீரோ, அதன் முன்னால் வரிசையாக வெல்வெட் திண்டுகள். ஏற்கெனவே சான்று வாங்கிய எட்டுப் பூனைகள் எட்டுத் திண்டில். ஒன்பதாவதில் சின்னத்தாய். முதல் வரிசையில் இசக்கியம்மாள், கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில். தலைவர் பேசி முடிகிற வரைக்கும் பூனை எதிலும் ஆர்வம் காட்டாமல் படுத்திருக்க வேண்டும். அதுதான் பரீட்சை.

வேதாந்தம் மைக்கைப் பிடித்தார். “பெரியோர்களே! பாரசீகப் பூனையின் குணம் என்ன? அமைதி. எது நடந்தாலும் அமைதி. அது ஓடாது, தாவாது, கேட்காது, கவலைப்படாது. இந்தப் பேரவையின் நிர்வாகத்தையும் நான் அப்படித்தான் இருபத்திரண்டு வருஷமாக நடத்தி வருகிறேன்.”

கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில்தான் பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு எலி வெளியே வந்தது. சாதாரண எலி இல்லை. நல்ல போஷாக்கான, தொந்தி விழுந்த, நிர்வாகக் குழுவில் இடம் கொடுக்கலாம் போன்ற எலி. வாயில் ஒரு காகிதத் துண்டு. அவசரமே இல்லாமல் மேடையில் நடந்தது. முன்வரிசை மாமிகள் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்கள். எட்டுப் பூனைகளும் அதைப் பார்த்தன. பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டன. எலி குலோத்துங்கனின் வால்மேல் ஏறி இறங்கியது. குலோத்துங்கன் ஒரு பெருமூச்சு விட்டான், அவ்வளவே.

“பாருங்கள், பாருங்கள்!” என்று வேதாந்தம் மைக்கிலேயே கண்ணை மூடி உருகினார். “எலி மேலேயே ஏறுகிறது, என்ன ஒரு பெருந்தன்மை! இதுவல்லவோ குலம்!”

சபை எழுந்து நின்று தட்டியது. அடுத்த நொடி சின்னத்தாய் திண்டில் இல்லை. க்ரீம் நிறத்தில் ஏதோ ஒன்று மைக் வயருக்கு மேலே பறந்தது. தலைவர் கண்ணைத் திறந்தபோது எலி அவள் வாயில் இருந்தது. அதை அவர் காலடியிலேயே கொண்டுபோய் வைத்தாள், மரியாதையாக.

தட்டிய கைகள் அப்படியே நின்றன. இசக்கியம்மாள் மட்டும் “சபாஷ்டி என் ராசாத்தி” என்றாள். அறுபது நாளில் அவள் குரலை உயர்த்திச் சொன்ன முதல் வார்த்தை அது. கூட்டமே திரும்பிப் பார்த்தது.

ஏகாம்பரம் வந்து எலியின் வாயிலிருந்த காகிதத்தை உருவிப் படித்தார். “தலைவரே, இதுல குலோத்துங்கன் தாத்தா பேரு கீது.”

பீரோவைத் திறந்தார்கள். உள்ளே அட்டைகள் இருந்தன. பதிவேடுகள் இல்லை. இருபத்திரண்டு வருஷத்து வம்சமும் சன்னமான தூளாக, மூலையில் எலிக்குஞ்சுகளுக்கு மெத்தையாகக் கிடந்தது. “நான் அப்பவே சொல்லிக்கினு இருந்தேன், உள்ள சத்தம் கேக்குதுன்னு” என்றார் ஏகாம்பரம். “எழுதிக் குடு, பரிசீலிக்கலாம்னீங்க. எழுதிக் குடுத்தத்தையும் இதே பீரோவுல தான் வச்சீங்க.”

அங்கேயே அவசரக் கூட்டம் நடந்தது. தீர்மானம் ஒன்று: பதிவேடுகள் அழிந்ததாகக் கருதப்படாது, எலிகளின் வசம் பாதுகாப்பாக இருப்பதாகவே கருதப்படும். தீர்மானம் இரண்டு: சின்னத்தாய் குணத்தேர்வில் தோல்வி.

“ஏன் சார்?” என்றார் கணேசமூர்த்தி. காலடியில் கிடந்த எலியைக் காட்டினார். “உங்க பீரோவைத் தின்ன எலியைத்தானே பிடிச்சா?”

வேதாந்தம் அவரைப் பரிவோடு பார்த்தார். “மிஸ்டர் கணேசமூர்த்தி, எலி பிடிக்கறது தப்புன்னு சொல்லலை. அது ஒரு வேலை. வேலை செய்யறதுதான் வம்சத்துக்கு ஆகாது. வேலை செய்யறதுக்குன்னு வேற பேர் இருக்காளே, காலங்காலமா. அவா இல்லேன்னா நாங்க இல்லை, அதையும் பெருந்தன்மையா ஒத்துக்கறேன். அதனாலதான் ஒரு யோசனை. உங்க பூனையை இங்கேயே பணியாளரா வச்சுக்கறோம். காலம்பற பத்துலேர்ந்து அஞ்சு. பின்வாசல் வழியா வரட்டும். பாரசீகம்னு போட முடியாது. ‘பாரசீகச் சாயல்’னு ஒரு கடிதாசு தர்றேன்.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பீரோவிலிருந்து இரண்டாவது எலி எட்டிப் பார்த்தது. தலைவர் பேச்சை நிறுத்தாமலே நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டார். “அந்தப் பூனையைச் செத்த கீழே விடுங்கோளேன்” என்றார்.

கணேசமூர்த்தி முப்பது வருஷமாக எதிரே இருப்பவர்கள் கலைத்துப்போட்ட புடவையை ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தவர். அன்றைக்கும் ஒன்றும் கத்தவில்லை. சின்னத்தாயைத் துண்டில் சுற்றி, ஓரம் மடக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “கடை சாத்தியாச்சு சார்” என்றார். இசக்கியம்மாள் முன்னால் நடக்க, முன்வாசல் வழியாகவே போனார்கள். ஏகாம்பரம் ஸ்டூலைத் தள்ளி வழிவிட்டார்.

வெங்கடேஷ் சொன்ன பதில் நீங்கள் எதிர்பார்த்ததுதான். எனக்கு இதெல்லாம் கிடையாது சார், மத்தவங்களுக்காகத்தான். அந்த மாசமே வீட்டைக் காலி செய்தார்கள்.

அன்வர் பாஷா ராயப்பேட்டையில் தன் அத்தை வீட்டு மாடிக்குக் கூட்டிப்போனார். வீட்டுக்கார அம்மா அஃப்சருன்னிசா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கணேசமூர்த்தி பழக்கதோஷத்தில் கக்கத்திலிருந்த ஃபைலைத் திறந்தார். ஆதார், சொந்த ஊர், பூர்வீகம், சாய அறிக்கை, மந்தவெளி அப்பாவின் புகைப்படம். அந்த அம்மா அதையெல்லாம் பார்க்கவே இல்லை. சின்னத்தாயைப் பார்த்தார்.

“எலி புடிக்குமா?”

“பிடிக்கும்மா.”

“அப்ப மேல போயி சாமானை வைங்க.”

இசக்கியம்மாளும் அஃப்சருன்னிசாவும் இப்போது மாடிக்கும் கீழுக்குமாகப் பேசுகிற பேச்சு தெருமுனை வரைக்கும் கேட்கிறது. கணேசமூர்த்திக்குக் காது வலிக்கிறது. அதில் ஒரு நிம்மதி.

இரண்டு மாசம் கழித்து ஏகாம்பரம் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்தார். பேரவையின் கடிதம். எலிகள் இப்போது நிர்வாகக் குழு அறைக்கே வந்துவிட்டனவாம். தலைவர் இரண்டு வாரமாக நாற்காலிமேல் நின்றபடிதான் கூட்டம் நடத்துகிறாராம். சின்னத்தாயை உடனடியாக, தற்காலிகமாக, பின்வாசல் வழியாக அனுப்பிவைக்கக் கோரிக்கை.

கணேசமூர்த்தி பதில் எழுத உட்கார்ந்தார். “நீங்க தள்ளுங்க, நான் சொல்லுதேன், எழுதுங்க” என்றாள் இசக்கியம்மாள். அவள் சொல்லச் சொல்ல, அடித்தல் திருத்தல் இல்லாமல், பேரவையின் பாஷையிலேயே எழுதினார்:

‘தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. சின்னத்தாய் கண்ட எலியையும் பிடிப்பதில்லை. சம்பந்தப்பட்ட ஒவ்வொரு எலிக்கும் ஐந்து தலைமுறை வம்சாவளிச் சான்று இணைத்து அனுப்பவும். தந்தை பெயர் கட்டாயம். மதில் மேல் வந்தவர் என்று எழுதினால் ஏற்கப்படாது.’

ஏகாம்பரம் வாங்கிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“இத்த நானே தலைவர் கைல குடுக்கறேன்மா” என்றார். “பீரோவுல வெக்க வுட மாட்டேன்.”